மாசியில் வா

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலை என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. பிசான நெல் நடவு மும்முரமாக நடக்கிறது.

மழை என்றால் நமக்கு முன்பெல்லாம் சந்தோஷம் மட்டும்தான். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அப்படி இல்லை. பாபநாசம் அணை முழுக் கொள்ளளவான 143 அடியை நெருங்குகிறது என்று செய்தி வந்தாலே ஆற்றங்கரைத் தெருக்களில் யாருக்கும் தூக்கம் வருவதில்லை. பத்திரம், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரணில் வைத்திருக்கிறோம். இந்தப் பயம் வேண்டியதுதான். மழையோடு வருகிறது, செய்ய வேண்டியதைச் செய்ய வைக்கிறது, மழை விட்டதும் போய்விடுகிறது.

நீ கேட்டது வேறு பயத்தைப் பற்றி. பேரனுக்கு நீட் கோச்சிங்கில் மார்க் குறைகிறது, "பயம் காட்டாவிட்டால் எப்படிடா படிப்பான், நாமெல்லாம் அடி வாங்கித்தானே ஆளானோம்" என்று எழுதியிருந்தாய். போன வருஷம் இதைக் கேட்டிருந்தால் நானும் ஆமாம் என்றுதான் எழுதியிருப்பேன்.

சித்திரையில் அம்பை பஸ் ஸ்டாண்டில் ஒருவன் வந்து வணக்கம் சொன்னான். என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவன், இப்போது எலக்ட்ரீசியன். டீ வாங்கிக் கொடுத்தான். "சார், பதினாறாம் வாய்ப்பாடு இன்னைக்கும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது. அப்புறம் சொன்னான்: "ஆனா என் மக கணக்கு நோட்டை எடுத்துட்டு வந்தா எனக்கு உள்ளங்கை வேர்த்துரும் சார். அவங்க அம்மாகிட்ட போன்னு அனுப்பிருவேன்." குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னான். அந்த உள்ளங்கையில்தான் நான் பிரம்பால் அடித்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை மாப்ளே. 31 வருஷம் வாத்தியார் வேலை பார்த்திருக்கிறேன். 2010-ல் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து, பள்ளியில் அடிக்கக்கூடாது என்று ஆனபோது, இனி எவன் படிப்பான் என்று ஸ்டாஃப் ரூமில் கத்தியவர்களில் நானும் ஒருவன். பிரம்பைக் கீழே வைத்தேனே தவிர, அந்தக் குரலை வைக்கவில்லை. வாய்ப்பாடு அவனுக்குள் போனது உண்மை. கணக்கின் மேல் ஆசை வர விடாமல் வாசலை அடைத்ததும் நான்தான்.

அன்று ராத்திரி நீ நீச்சல் பழகிய கதை ஞாபகம் வந்தது. உன் மாமா உன்னைத் தூக்கிப் படித்துறையிலிருந்து ஆற்றில் போட்டார். அத்தை கரையில் நின்று அழுதாள். நீ கையைக் காலை உதைத்துக் கரைக்கு வந்துவிட்டாய், ஊரே கை தட்டியது. அதற்குப் பிறகு நீ முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கி நான் பார்த்ததே இல்லை. எனக்குத் தாத்தா சொல்லிக் கொடுத்தார். வயிற்றுக்கடியில் உள்ளங்கையை வைத்துத் தாங்கிப் பிடித்துக்கொள்வார். எந்த நாளில் கையை எடுத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வெள்ளம் இல்லாத நாளில் இப்போதும் காலையில் ஆற்றில்தான் குளிக்கிறேன்.

இப்போது சாயங்காலம் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் திண்ணைக்கு வருகிறார்கள். ஒருத்தி அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தாள். பழைய ஆள் என்றால் தலையில் குட்டியிருப்பேன். "எப்படிம்மா வந்தது?" என்று கேட்டேன். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டினேன் என்றாள். சரி, உன்னிடம் அரைக் கருப்பட்டி இருக்கிறது, நான் இன்னும் கொஞ்சம் தருகிறேன், மொத்தம் அரையை விடக் கூடுமா குறையுமா என்றேன். "கூடும்." ஐந்தில் இரண்டு அரையை விடப் பெரிதா? அவள் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, "ஐயோ தாத்தா, குறைஞ்சுல்லா போச்சு!" என்று துள்ளினாள். மறுநாள் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, இதே கேள்வியைக் கேட்டு அவர்களை மடக்கினாள். பயந்தவள் தப்பை மறைத்திருப்பாள் மாப்ளே, இப்படி ஊருக்குக் காட்ட மாட்டாள்.

அதே திண்ணைக்கு வரும் ஒன்பதாம் வகுப்புப் பையன் கையில் கலர் கயிறு. எதற்கென்று உனக்குத் தெரியும். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் கயிறு பள்ளியில் கூடாது என்று 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சரியான பேச்சு. ஆனால் இவனிடம் ஏன் கட்டியிருக்கிறாய் என்று கேட்டால், "கட்டலைன்னா என்கூட எவனும் நிக்க மாட்டான் சார்" என்கிறான். வீரம் என்று இவர்கள் காட்டிக்கொள்வதன் அடியில் இருப்பது இதுதான். அடுத்தவன் படித்து மேலே வந்தால் நமக்கு மதிப்புப் போய்விடும் என்று வீட்டிலேயே ஊட்டி வளர்க்கிறோம். வெட்டுப்பட்ட பக்கம் இருக்கிற பயம் வேறு, அது உயிர்ப்பயம். இரண்டையும் நான் ஒரே தராசில் வைக்க மாட்டேன். இன்னும் அவன் கயிற்றை அவிழ்க்கவில்லை. நானும் மிரட்டப்போவதில்லை. தினமும் வருகிறான், எல்லாப் பிள்ளைகளோடும் ஒரே பாயில் உட்காருகிறான், பேசிக்கொண்டே இருக்கிறேன்.

பயம் இல்லாவிட்டால் மனுஷன் எதுவும் செய்ய மாட்டான் என்று சொல்கிறவர்களிடம் நான் ஸ்ரீவைகுண்டத்தைச் சொல்வேன். அந்த டிசம்பர் வெள்ளத்தில் திருச்செந்தூர் ரயில் சுமார் 800 பேரோடு அங்கே நின்றுவிட்டதே, பக்கத்துப் புதுக்குடிக்காரர்கள் தங்கள் வீட்டையும் தண்ணீர் சூழ்ந்திருக்கும்போது, இருந்த அரிசியைப் போட்டுச் சமைத்துக் கொடுத்தார்கள். அவர்களை யார் மிரட்டினார்கள்?

பேரனை ஒரு தரம் கூப்பிட்டு உட்கார வை. மார்க்கைக் கேட்காதே. எந்தப் பாடம் பிடிக்கிறது, எது புரியவில்லை என்று கேள். டாக்டர் ஆகாவிட்டாலும் நீ என் பேரன்தான் என்று வாய்விட்டுச் சொல். நாம் இதையெல்லாம் சொல்லாமலே தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம். தெரியாது மாப்ளே. என் மகன் நாற்பது வயதில் அதை என்னிடம் கேட்டான்.

பரீட்சைக்கு முன்னால் நாலு நாள் லீவு கிடைத்தால் அவனையும் கூட்டிக்கொண்டு மாசியில் வா. ஆறு வடிந்து தெளிந்திருக்கும், நம் படித்துறையில் இடுப்பளவு தண்ணீர்தான் போகும். உன்னையும் இறங்கச் சொல்வேன். வயிற்றுக்கடியில் நான் கையை வைத்துக்கொள்கிறேன். நீ சொல்கிற வரைக்கும் எடுக்க மாட்டேன்.

உன் தங்கச்சி கருப்பட்டி எடுத்து வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
உன் மச்சான்