ஹூஸ்டனும் நம்ம சரவணம்பட்டியும்

அன்பு சென்னி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மிணிக்கு ஈரோட்டிலேயே வேலை அமைந்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம், தங்கச்சியிடமும் சொல்லிவிடு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நிலம் அவனவன் சொத்து, சர்க்காருக்கு அதில் என்ன வேலை என்று பொரிந்து தள்ளியிருக்கிறாய். பாதிக்கு நானும் ஒத்துக்கொள்கிறேன். டவுனில் ஒருத்தர் இவ்வளவு நிலம்தான் வைத்திருக்கலாம் என்ற நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் 1978-ல் வந்தது, 1999-ல் அரசே ரத்து செய்தது. 1960-ன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் ஓய்ந்துபோய் 2019-ல் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஏறாத கட்டடத்துக்கு எவன் சுண்ணாம்பு அடிப்பான்?

ஆனால் மண்டல விதியே இல்லாத ஊர் என்று அமெரிக்காவின் ஹூஸ்டனைக் காட்டினாய் பார், அங்கேதான் இடிக்கிறது. இன்ன இடத்தில் இன்னதுதான் என்று மண்டலம் பிரிப்பதை அந்த ஊர்க்காரர்கள் 1948, 1962, 1993 என மூன்று தடவை ஓட்டுப்போட்டுத் தள்ளினது நிஜம்தான். அதற்காக இஷ்டத்துக்குக் கட்டிவிட முடியாது. பல குடியிருப்புகளில் வீடு மட்டும்தான் கட்டலாம், கடை கூடாது என்று பத்திரத்திலேயே கட்டுப்பாடு இருக்கிறது, மீறினால் மாநகராட்சியே கோர்ட்டுக்குப் போகலாம். கட்டுப்பாடு வேறு வாசல் வழியாக வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நம்ம சரவணம்பட்டிச் சங்கதியைப் பார். எந்த இடம் எதற்கு என்று சொல்லும் கோவையின் 1994 மாஸ்டர் பிளானுக்கு அடுத்த வரைவு 2024-ல்தான் வந்தது, அதுவரைக்கும் ஊர் காத்திருக்குமா? தோட்டத்துக்காரர்கள் தென்னையை வெட்டி, கல்லு நட்டு, சென்ட் கணக்கில் விற்றுவிட்டார்கள். எங்களுக்குப் பின்தெருவில் ஒரு கார் நின்றால் போதும், குப்பை வண்டி பின்னாடியே ரிவர்ஸில் வந்து, முக்கில் நின்று விசிலடிக்கும், பொம்பளைங்க பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். 2016-ல் அப்ரூவல் இல்லாத மனையைப் பதியாதே என்று ஐகோர்ட் சொன்னது, 2017-ல் பணம் கட்டினால் வரன்முறை என்று அரசு திட்டம் போட்டது. பணம் கட்டினதும் அந்த ரோடு அகலமாகிவிட்டதா என்ன? விதியைக் காலத்தில் போடாமல் விட்டு, பிற்பாடு காசு வாங்கிக்கொண்டு மன்னிப்பதுதான் எனக்கு எரிச்சல். இதற்கு உன் சந்தைக் கட்சியிலும் பதில் இல்லை, நம்ம காம்ரேட் மச்சானிடமும் இல்லை.

அப்புறம், உன் பெருந்துறை ரோட்டுக் காட்டை யாரோ லேஅவுட்டுக்குக் கேட்கிறார்களாமே. 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் ரோடு போக மீதியில் 10 சதவீதத்தைப் பூங்கா மாதிரிப் பொது உபயோகத்துக்கு ரிசர்வ் சைட்டாக விட்டே ஆக வேண்டும், பணம் கட்டித் தப்ப முடியாது. அதைத்தான் கொள்ளை என்று எழுதியிருக்கிறாய். பூங்காவுக்கு ஒரு சென்ட்கூட விடாத லேஅவுட்டில் அம்மிணிக்கு நீயே சைட் வாங்கித் தருவாயா? அதை மட்டும் எழுது.

மணி