கடற்கரைக்கு வரும் பிள்ளைகளுக்கு மீன் கட்டிக் கொடுக்க வேண்டாம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை நம் தமிழ்ப் பள்ளியின் மேல் வகுப்புப் பிள்ளைகளை டர்பன் பக்கத்து இசிப்பிங்கோ கடற்கரைக்கு அழைத்துப் போகிறோம். அன்றைக்கு டின் மீன் சாண்ட்விச், மீன் கட்லெட், முதல் நாள் வைத்த மீன் குழம்பு எதையும் கட்டிக் கொடுத்து விடாதீர்கள். காரணம் சொன்னால்தான் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

பிள்ளைகள் அங்கே மீன் பிடிக்கப் போவதில்லை, தண்ணீர் பிடிக்கப் போகிறார்கள். கடலில் திரியும் மீன் ஒவ்வொன்றும் செதில், மேல்வழுவழுப்பு, கழிவு என்று எதையாவது உதிர்த்துக்கொண்டே போகிறது, அதிலெல்லாம் அதன் டிஎன்ஏ, அதாவது மரபுப் பொருள், இருக்கும். ஒன்றிரண்டு லிட்டர் கடல்நீரை மிக நுண்ணிய வடிதாள் வழியாக சிரிஞ்சால் தள்ளினால் அது தாளில் தங்கிவிடும். ஆய்வகத்தில் அந்த டிஎன்ஏவில் மீன் இனங்களைப் பிரித்துக் காட்டும் ஒரு சின்னத் துண்டை மட்டும் பலமடங்கு பெருக்கிப் படித்து, ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும் பட்டியலோடு ஒப்பிட்டு, இன்னின்ன மீன் இங்கே இருந்தது என்று சொல்வார்கள். இதற்கு இன்று பரவலாகப் பயன்படும் ‘மிஃபிஷ்’ முறையை ஜப்பான் ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்டார்கள். பிள்ளை விளையாட்டு என்று நினைக்க வேண்டாம், யுனெஸ்கோ 2021-இல் அறிவித்த திட்டத்தில் நம் குவாசூலு-நாட்டால் மாகாணத்து இசிமங்கலிசோ ஈரநிலப் பூங்கா உட்படப் பல நாட்டுக் கடல்களில் பொதுமக்களைக் கொண்டே இப்படி நீர் எடுத்தார்கள்.

சரி, சாண்ட்விச்சுக்கு வருகிறேன். கடல் மீன் எது, கையில் ஒட்டிய மீன் எது என்று வடிதாளுக்குத் தெரியாது. டின்னில் வெந்த மீனில்கூட டிஎன்ஏ துண்டுகள் மிஞ்சியிருக்கும். டின்னில் வருவது பெரும்பாலும் சார்டின், அதாவது மத்தி. நம் கரைக்கு அதன் கூட்டம் வருவது ஜூன், ஜூலையில். அக்டோபர் தண்ணீரில் சார்டின் என்று முடிவு வந்தால் ஆய்வகத்தில் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள், இங்கே யாரோ ஒரு பிள்ளை விரலை நக்கியிருக்கும். தூண்டில் போடும் அப்பாக்களுக்கும் இதுதான்: நீங்கள் இரையாகக் கோக்கும் சார்டினும் தண்ணீரில் கரையும், அன்று தூண்டிலை வீட்டிலேயே வையுங்கள். சுத்தமான தண்ணீர் ஒரு பாட்டிலையும் அங்கேயே அதே மாதிரி வடிகட்டப் போகிறோம், அதில் மீன் தென்பட்டால் தப்பு நம் கையில்தான் என்று தெரிந்துவிடும்.

“மீன் இருக்கிறதா என்று பார்க்கத் தூண்டில் போதாதா?” என்று சிலர் கேட்டீர்கள். அக்டோபர், நவம்பரில் ஷாட் மீன் பிடிக்கத் தடை என்பது உங்களுக்கே தெரியும், தண்ணீர் எடுக்கத் தடையில்லை. தூண்டிலில் சிக்காத, பாறை இடுக்கில் ஒளியும் சின்ன மீன்களும் இதில் தெரியவரும்.

ஆனால் எத்தனை மீன், எவ்வளவு பெரியது, குஞ்சா சினை மீனா என்பதையெல்லாம் இந்தத் தண்ணீர் சொல்லாது. டிஎன்ஏ சில நாளில் சிதைந்துவிடும் என்பதால் போன மாதம் என்ன வந்தது, அந்தக் காலத்தில் என்ன வந்தது என்றும் சொல்லாது. அதற்குத் தாத்தாக்கள் வேண்டும். கரைவலை இழுத்த குடும்பங்கள், டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில் மீன் பிடித்து வாழ்ந்த குடும்பங்கள் நம்மில் உண்டு, முடிந்தவர்கள் கட்டாயம் வாருங்கள். எந்தக் காற்றுக்கு என்ன மீன் கரைக்கு வரும் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அவர்கள் எழுதிக்கொள்வார்கள். முடிவு வர வாரக்கணக்கில் ஆகும், வந்ததும் அந்த நோட்டையும் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

யாரும் கடலில் இறங்கப் போவதில்லை. 2022 வெள்ளத்துக்குப் பிறகு கழிவுநீர் கலந்து கடற்கரைகளை மூடியது எனக்கும் நினைவிருக்கிறது. நீரை ஆசிரியர்களே வாளியில் மொண்டு தருவார்கள், கையுறையும் தருவோம். ரப்பர் கையுறை சேராத பிள்ளை என்றால் அனுமதிச் சீட்டிலேயே எழுதிவிடுங்கள். வழுக்காத செருப்பு, தொப்பி, கோழியோ காய்கறியோ வைத்த சாப்பாடு, இது போதும். சீட்டை அடுத்த சனிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள், வரும் தாத்தாக்களின் பெயரையும் அதிலேயே சேர்த்தால் பேருந்தில் இடம் பார்த்து வைப்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்