சின்னத் தீவுக்குச் சூரிய சக்தி கார் எதற்கு என்று கேட்டவருக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர், மாணவர்கள் சூரிய சக்தி கார் செய்து ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோய் ஓட்டுவது தேவையில்லாத செலவு என்று எழுதியிருந்தார். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர்தான் நம் சிங்கப்பூர்த் தீவு, அதிலும் பாதி நாள் மேகமூட்டம், இங்கே இந்தக் காரை வைத்து என்ன செய்வது என்பது அவர் கேள்வி. அந்தப் பணம் உருப்படியான காரியத்துக்குப் போகட்டும் என்ற அக்கறையில்தான் அவர் எழுதியிருக்கிறார், அது புரிகிறது. ஆனால் அவர் சொல்லும் இடநெருக்கடியும் மேகமும்தான் நமக்கு இந்தக் கார் வேண்டும் என்பதற்கே காரணங்கள் என்று எனக்குப் படுகிறது, அதனால் எழுதுகிறேன்.

‘வேர்ல்டு சோலார் சேலஞ்ச்’ என்ற அந்தச் சூரிய சக்தி கார் போட்டியைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். வடக்கே டார்வினில் புறப்பட்டு ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை வழியாகத் தெற்கே அடிலெய்டு வரை, சுமார் 3,000 கிலோமீட்டர். 1987-இல் இதை ஆரம்பித்தவர் ஹான்ஸ் தோல்ஸ்ட்ரப். அதற்குச் சில வருஷம் முன்னாலேயே அவரும் லாரி பெர்கின்ஸ் என்ற பந்தய ஓட்டுநரும் பெர்த்திலிருந்து சிட்னி வரை சூரிய சக்தியிலேயே ஒரு காரை ஓட்டிக் காட்டினார்கள், 20 நாள் பிடித்தது. முதல் போட்டியில் ஜெனரல் மோட்டார்ஸின் சன்ரேசர் மணிக்குச் சராசரி 67 கிலோமீட்டர் வேகத்தில் ஜெயித்தது, 1993-லும் 1996-லும் ஹோண்டா. அப்போதெல்லாம் பெரிய கம்பெனிகளின் கை ஓங்கியிருந்தது. இன்று முன்னால் நிற்பவர்கள் மாணவர்கள்தான்: நெதர்லாந்தின் டெல்ஃப்ட், பெல்ஜியத்தின் லூவன், ஜப்பானின் டோக்காய், அமெரிக்காவின் மிச்சிகன். டெல்ஃப்ட் மாணவர்கள் இதற்காகவே படிப்பை ஒரு வருஷம் நிறுத்திவைத்துவிட்டு வேலை செய்கிறார்கள் என்றால் எவ்வளவு பெரிய விஷயமாக அதை எடுத்துக்கொள்கிறார்கள் என்று பாருங்கள்.

காலை 8 மணிக்கு ஓட ஆரம்பித்தால் மாலை 5 மணிக்கு நிறுத்திவிட வேண்டும். அந்த நேரத்தில் எங்கே இருக்கிறார்களோ அங்கேயே சாலையோரமாகக் கூடாரம் போட்டுத் தூங்குவார்கள். வெளிச்சம் போகும்வரை, வெயிலை மின்சாரமாக்கும் சூரியத் தகட்டைச் சாயும் சூரியனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து மின்கலத்தில் ஏற்றுவார்கள், விடிந்ததும் மறுபடி அதே வேலை. கேதரின், டெனன்ட் கிரீக், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், கூபர் பீடி போன்ற ஊர்களில் அரை மணி நேரம் கட்டாயம் நிற்க வேண்டும். எதிரில் மூன்று நான்கு பெட்டிகளை இழுத்துக்கொண்டு வரும் ராட்சத லாரிகள் கடந்துபோகும்போது அடிக்கிற காற்றில் இந்த லேசான கார்கள் ஆடிப்போகும். உள்ளே குளிர்சாதனம் கிடையாது. அந்தச் சூட்டில் ஓட்டுகிறவர் இருபது வயதுப் பிள்ளை.

இந்தப் போட்டியில் என்னை அசரவைத்தது வேகம்கூட இல்லை, விதி. 2005-இல் டெல்ஃப்டின் கார் மணிக்கு 102 கிலோமீட்டருக்கும் மேல் சராசரியாக ஓடியது. இதற்குமேல் போனால் சாலையின் வேக வரம்பையே முட்டும் என்ற நிலை வந்ததும் ஏற்பாட்டாளர்கள் தகட்டின் பரப்பளவைக் குறைத்தார்கள், முதலில் 6 சதுர மீட்டர், பிறகு 2017-இல் சிலிக்கான் தகடுகளுக்கு வெறும் 4 சதுர மீட்டர். அந்த 4 சதுர மீட்டரிலிருந்து உச்சி வெயிலில்கூட 1 கிலோவாட் சுமாருக்குத்தான் மின்சாரம் வரும், நம் வீட்டில் தண்ணீர் கொதிக்கவைக்கிற கெட்டில் அதைவிட அதிகம் இழுக்கும். அதை வைத்துக்கொண்டு அந்த வருஷம் ஜெயித்த கார் மணிக்கு 81 கிலோமீட்டர் சராசரியாக ஓடியிருக்கிறது. தகடு பாதியானாலும் வேகம் பாதியாகவில்லை. காற்றைக் கிழிக்கும் வடிவம், சக்கரத்துக்குள்ளேயே பொருத்திய மோட்டார், டயர், எடை என்று ஒவ்வொரு இடத்திலும் வீணாவதைப் பிடித்து நிறுத்தியதால் வந்த வேகம் அது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். சூரிய மின்சாரத்தில் நமக்கு இருக்கிற பெரிய சிக்கல் வெயில் இல்லை, இடம். அதனால்தான் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) புளோக்குகளின் கூரையில் தகடு போடுகிறோம், அதுவும் போதாமல் தெங்கே நீர்த்தேக்கத்தின் தண்ணீர் மேலேயே 60 மெகாவாட் மிதக்கும் தகடுகளை 2021-இல் போட்டோம். அடுத்த சிக்கல் மேகம். ஒரு மேகம் தீவைக் கடந்தால் தகடுகளின் உற்பத்தி சட்டென்று விழும், அதை ஈடுகட்டத்தான் ஜூரோங் தீவில் 2023-இல் 285 மெகாவாட் மணி கொள்ளளவுள்ள மின்கலச் சேமிப்பு வந்தது. குறைந்த இடத்தில் நிறைய எடுப்பது எப்படி, மேகம் வரும்போது கையிருப்பை எப்படிச் செலவழிப்பது: அந்தப் பிள்ளைகள் நெடுஞ்சாலையில் நாள் முழுக்கப் போடுகிற கணக்கும் இதுதானே. காருக்குப் பின்னால் வரும் வண்டியில் ஒருவர் வானிலைப் படத்தையும் மின்கல அளவையும் பார்த்துக்கொண்டே இருப்பார். காற்றின் எதிர்ப்பைச் சமாளிக்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப ஏறும், 80-லிருந்து 90-க்குப் போனாலே அந்தக் கணக்கில் நாற்பது சதவீதத்துக்கு மேல் கூடுதலாகச் செலவாகும். அதனால் வெயில் நன்றாக இருக்கிறதே என்று அழுத்தாமல், மேகத்தின் அடியில் மட்டும் கொஞ்சம் வேகமாகக் கடந்துவிட்டு, மற்ற நேரம் ஒரே சீராகப் போகச் சொல்வார். இதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, மின்கலம் இறங்கிக்கொண்டிருக்கும்போது வண்டியில் உட்கார்ந்து முடிவெடுப்பது வேறு. நாளைக்கு நம் மின்கட்டமைப்பைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்கள் இதை இருபது வயதில் செய்து பழகுவது வீண் செலவா?

நான் விமானப் பராமரிப்பில் கார்பன் இழைப் பாகங்களைப் பழுதுபார்க்கும் தொழில்நுட்பராக இருக்கிறேன். இழைத் துணியை அச்சின்மேல் அடுக்கடுக்காகப் பரப்பி, பிசின் பூசி, பிளாஸ்டிக் உறை போட்டுக் காற்றை உறிஞ்சி இறுக்கி, சூட்டில் பதப்படுத்துவது எங்கள் அன்றாட வேலை. ஒரு சுருக்கம் விழுந்தாலும், ஒரு காற்றுக்குமிழி உள்ளே மாட்டினாலும் பிரித்துத் திரும்பச் செய்ய வேண்டும். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகன் சூரிய சக்தி கார் ஒன்றின் உடல்பகுதியில் வேலை செய்தபோது போய்ப் பார்த்தேன். விரல் எல்லாம் பிசின், ஆனால் இழை எந்தத் திசையில் போக வேண்டும், ஏன் என்று கேட்டால் உடனே பதில் சொன்னான். எங்களிடம் புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு அந்த ‘ஏன்’ வருவதற்கு நிறைய நாள் ஆகும். தீபாவளிக்கு வந்த சொந்தக்காரர்கள் அவனிடம் கேட்டது என்னவோ, “இதுக்கு மார்க் உண்டா, யூனிவர்சிட்டிக்கு உதவுமா?” என்றுதான். அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

ஜெயிக்காவிட்டால் என்ன பயன் என்பதும் அந்த வாசகரின் கடிதத்தில் இருந்தது. 2019 போட்டியைப் பாருங்கள். முன்னணியில் போன ட்வென்டே பல்கலைக்கழகக் கார் பலத்த காற்றில் சாலையை விட்டுத் தூக்கி எறியப்பட்டது, அப்புறம் முதலிடத்தில் போன டெல்ஃப்ட் கார் கடைசி நாளில், அடிலெய்டுக்கு முந்நூறு கிலோமீட்டருக்கும் குறைவாக இருக்கும்போது தீப்பிடித்து எரிந்தே போனது. ஓட்டியவர் தப்பினார், லூவன் ஜெயித்தது. பல வருஷ அனுபவமுள்ள அணிக்கே இப்படி நடக்கிற போட்டி இது. பாதி வழியில் காரை டிரெய்லரில் ஏற்ற நேரும் அணி ஒவ்வொரு முறையும் உண்டு. ஏன் நின்றது என்று அவர்கள் தேடிக் கண்டுபிடிப்பதும் பொறியியல்தான், அதுவும் நல்ல பொறியியல்.

நம் பிள்ளைகள் இதில் புதியவர்களும் இல்லை. சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் சன்ஸ்பெக் என்ற பெயரில் வரிசையாகக் கார்கள் செய்து, ஒருவருக்கு மேல் உட்காரும் குரூசர் பிரிவில் டார்வினிலிருந்து ஓட்டியிருக்கிறார்கள். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் 2015-இல் முப்பரிமாண அச்சில் செய்த உடல்பகுதியோடு சூரிய மின்கார் ஒன்றை உருவாக்கினார்கள். எரிபொருள் சிக்கனத்துக்கான ஷெல் இக்கோ மாரத்தான் ஆசியப் போட்டி 2017-லும் 2018-லும் நம் சாங்கி கண்காட்சி மையத்திலேயே நடந்தது. இதெல்லாம் நம் வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆசிரியரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். இப்படி ஒரு அணி கிளம்பும்போது வழியனுப்பு விழாப் படத்தோடு செய்தியை முடித்துவிடாமல், பட்டறைக்கு ஒரு நிருபரை அனுப்புங்கள். தகடு எவ்வளவு, மின்கலம் எவ்வளவு எடை, எங்கே தடுமாறினார்கள் என்று தமிழில் விவரமாக எழுதுங்கள், போட்டி நடக்கும் நாள்களில் தினமும் எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு சின்னக் கட்டமாவது போடுங்கள். காற்பந்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குகிறோம், இதற்குக் கால் பக்கம் போதும்.

கல்லூரிகளுக்கும் ஒன்று. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பணமும் ஆளும் தேடி அலைவதைவிட, பலதுறைத் தொழிற்கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் தொழில்நுட்பக் கல்விக் கழகமும் சேர்ந்து ஒரே அணியாகப் போகலாமே. வெல்டிங்கும் இழை வேலையும் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில்தான் நிறைய பேர், அவர்கள் இல்லாமல் எந்தக் காரும் நிற்காது. செலவும் பங்காகும், ஒரு அணி கற்றது அடுத்த அணிக்கும் போய்ச் சேரும்.

கார்பன் இழை வேலையில் கைகொடுக்க ஆள் வேண்டும் என்று எந்த மாணவர் அணி கேட்டாலும், சனிக்கிழமைகளில் வர நான் தயார். என் தொடர்பு விவரம் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது, தாராளமாகக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி