ஓசூர், போச்சம்பள்ளித் தொழிற்சாலை நிர்வாகிகளுக்கு ஒரு மடல்

வணக்கம்.

பாலக்கோடு பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தொழிற்பிரிவுக்கு இயந்திரவியல் நடத்துகிறேன். விடியற்காலையில் எங்கள் ஊர் முக்கில் நின்று ஆள் ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்ஸில் என்னிடம் படித்த பிள்ளைகள் நிறைய. ராயக்கோட்டை மண்டியில் தக்காளி விலை விழுந்த வருடம் அந்தப் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது.

அதில் போன ஒரு பையன் சென்ற மாதம் பள்ளிக்கு வந்தான். ஏஜென்ட் மூலம் ஒரு கம்பெனியில் சேர்ந்து, பதினொரு மாதம் சிஎன்சி மெஷினில், அதாவது கம்ப்யூட்டர் சொல்கிறபடி உலோகம் கடையும் மெஷினில், நின்றிருக்கிறான். அளவு பார்க்கும் வெர்னியரை இப்போது என்னைவிட நன்றாகப் பிடிக்கிறான். அப்புறம் ஒரு நாள், "அடுத்த பேட்ச் வருது, கிளம்பு" என்று சொல்லிவிட்டார்களாம். அடுத்த கம்பெனியில் அனுபவச் சான்று கேட்டிருக்கிறார்கள். அவனிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. கழுத்தில் மாட்டியிருந்த அட்டையையும் கேட்டிலேயே வாங்கிக்கொண்டார்கள். மறுபடி ஹெல்பர், மறுபடி அதே தொடக்கச் சம்பளம்.

1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில், காண்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்து எண்ணி, 2.5 முதல் 15 சதவீதம் வரை தொழிற்பழகுநர்களை, அதாவது அப்ரண்டிஸ்களை, எடுக்க வேண்டும். 2.5-ஐத் தொட்டதும் கோப்பை மூடிவிடாதீர்கள். ஐடிஐ முடித்தவன்தான் அப்ரண்டிஸ் என்றொரு நினைப்பு இங்கே இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களையும் எடுக்கலாம். ஏஜென்ட் கொண்டுவரும் அதே பையனை அப்ரண்டிஸாகப் பதிந்தால், பயிற்சி முடித்துத் தேர்வும் எழுதித் தேறியபின் அவன் கையில் சான்றிதழ் இருக்கும். அதை எந்த கேட்டிலும் யாரும் பிடுங்க முடியாது.

எங்கள் பக்கமும் குறை உண்டு. 1978-ல் மேல்நிலைப் படிப்பு வந்தபோதே தொழிற்பிரிவும் வந்தது. 'மார்க் வராதவனை அங்கே தள்ளு' என்ற வழக்கத்தை வளர்த்தது நாங்கள்தான். எங்கள் பட்டறையில் இருக்கும் லேத்துக்கு என் வயதைவிட அதிகம். 2022-ல் அரசின் 'நான் முதல்வன்' திட்டம் வந்தபிறகு வழிகாட்டல் வகுப்புகள் நடக்கின்றன, சரி. ஆனால் திரையில் பார்த்த தொழிற்சாலையில் எண்ணெய் வாடை அடிக்காதே.

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒன்று. எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள் அவர்களைத்தான் அதிகம் கேட்கின்றன. "ஹாஸ்டல் எப்படி இருக்கும் சார்? நைட் ஷிஃப்ட் உண்டா?" என்று அம்மாக்கள் என்னிடம் வருகிறார்கள். நான் பார்த்ததில்லை, என்ன சொல்வேன்?

அதனால் கேட்கிறேன். செய்முறைத் தேர்வு வேலைகள் தொடங்குமுன், நவம்பரில் ஒரு முழு நாள், பன்னிரண்டாம் வகுப்புத் தொழிற்பிரிவுப் பிள்ளைகளை உள்ளே விடுங்கள். ஏசி அறையில் படம் போட்டுக் காட்ட வேண்டாம். லைனில் நிற்க வையுங்கள். கூட நாலைந்து அம்மாக்களும் வருவார்கள், ஹாஸ்டலைத் திறந்து காட்டுங்கள். பஸ் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். மதியச் சாப்பாடு மட்டும் உங்கள் கேன்டீனில்.

இப்படிக்கு,
ஒரு தொழிற்பிரிவு ஆசிரியர்