பனிமலைக்குப் படம் எடுக்கப் போகும் மகளுக்கு

கண்ணு,

அடுத்த வாரம் மலை மேலே ஒரு கல்யாண ஜோடியைப் பனியில் நிற்க வைத்துப் படம் எடுக்கப் போவதாகச் சொன்னாய். "சரிம்மா, ஜாக்கிரதை" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அப்புறம் தூக்கம் வரவில்லை. முப்பது வருஷம் கல்யாணப் படம் எடுத்தவன் சொந்த மகளுக்கு இரண்டே வார்த்தைதான் சொல்வானா என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

நீ பார்க்காத என் படம் ஒன்று இருக்கிறது. ஃபிலிம் காலம். சாயங்காலம், மலைச்சரிவு, ஒரு ஜோடி. மேகம் விலகினால் பின்னால் சிகரம் சிவக்கும் என்று எனக்குத் தெரியும். நாற்பது நிமிஷம் காத்திருந்தேன். அந்தப் பெண் மெல்லிய உடையில் நின்றுகொண்டு, "பரவாயில்லை அண்ணா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மேகம் விலகியது, சிகரம் சிவந்தது, படமும் கிடைத்தது. பெரிதாக பிரிண்ட் போட்டு ஸ்டுடியோவில் மாட்டினேன். ஆல்பம் வாங்க வந்தவள் அதைப் பார்த்தாள். "இதுல என் கையைப் பாருங்க அண்ணா" என்றாள். மாப்பிள்ளையின் தோளில் இருந்த அவள் விரல் நுனிகள் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. நான் அத்தனை நாளும் சிகரத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்கே கழற்றிவிட்டேன்.

அதனால் சொல்கிறேன்: அங்கே குளிர்தான் உன் கடிகாரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி வெப்பம் குறையும். காற்றைச் சேர்த்தால் கணக்கே வேறு. மைனஸ் 10 டிகிரியில் 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 20 மாதிரி இருக்கும். நீ தடிமனான கோட்டுக்குள் இருப்பாய், ஓடியாடிக்கொண்டும் இருப்பாய். உனக்கு உறைக்காது. பத்து நிமிஷம் எடு, அவர்களை வண்டிக்குள் உட்கார வை, மறுபடி கூப்பிடு. போஸ் முடிந்த நொடியே கோட்டைத் தோளில் போட ஒருத்தர் பக்கத்திலேயே நிற்கட்டும். உடைக்குள் கம்பளி உள்ளாடை, காலுக்கு நல்ல பூட்ஸ் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. நீளமான பாவாடைக்கு அடியில் பூட்ஸ் இருப்பது யாருக்கும் தெரியப்போவதில்லை. பருத்தி வேண்டாம், ஈரமானால் அது உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். விரல் வெளுத்து மரத்துப்போனால் தேய்க்கக் கூடாது. அக்குளில் வைத்துச் சூடாக்கி, உடனே உள்ளே அழைத்துப் போ. "பரவாயில்லை" என்ற வார்த்தையை மட்டும் நம்பாதே.

மோதிரத்தைப் பற்றி யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கி விரல் மெலியும். வீட்டில் கழற்ற வராத மோதிரம் அங்கே தானாக நழுவும். அப்படி ஒரு தடவை ஒரு மோதிரம் முழங்கால் ஆழப் பனியில் விழுந்தது. விழுந்த இடத்தில் ஒரு சின்ன ஓட்டை மட்டும் தெரிந்தது. நான் அவசரப்பட்டுக் கையை விட்டேன், ஓட்டை சரிந்து மூடிக்கொண்டது. ஆறு பேர் சமையல் சல்லடையை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் சலித்தோம். கிடைத்தது. ஆனால் வெளிச்சம் போய்விட்டது, சிரிப்பும் போய்விட்டது. மோதிரத்தைக் காட்டும் படங்களை உள்ளே, ஜன்னல் ஓரத்தில் எடுத்துக்கொள்.

எக்ஸ்போஷர், அதாவது படத்துக்கு எவ்வளவு வெளிச்சம் விடுவது என்பது, உனக்குத் தெரியும். இருந்தாலும் என் வாய் சும்மா இருக்காதே! கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் உலகமே நடுச்சாம்பல் நிறம் என்று நினைக்கிறது, அதனால் பனியையும் சாம்பலாக்கிவிடும். ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வரை கூட்டு, ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. வெள்ளை உடை என்றால் ஹிஸ்டோகிராமின், அதாவது கேமரா காட்டும் வெளிச்ச வரைபடத்தின், வலது ஓரத்தைப் பார்த்துக்கொள்; அங்கே முட்டினால் உடையின் நுணுக்கம் வெளுத்துப்போய்விடும். நிழலில் இருக்கும் பனி வானத்தின் வெளிச்சத்தை வாங்கி நீலமாகத்தான் தெரியும். அதை முழுக்க வெள்ளையாக்கிவிடாதே. கொஞ்சம் நீலம் இருந்தால்தான் படத்தில் குளிர் தெரியும். இன்னொன்று, பனிக்குப் பக்கத்தில் தந்த நிற உடை பழுப்பாகத் தெரியும். மணப்பெண்ணிடம் முன்னாலேயே சொல்லிவிடு, படத்தைப் பார்த்தபின் சொன்னால் சமாளிப்பதாக நினைப்பாள்.

மலையில் சூரியன் காலண்டரில் போட்ட நேரத்துக்கு மறையாது. முகடு மறைத்துவிட்டால் ஒரு மணி நேரம் முன்னாலேயே பள்ளத்தாக்கு இருண்டுவிடும். முதல் நாளே போய், அதே நேரத்தில் அதே இடத்தில் நின்று பார். உயரம் 2500 மீட்டருக்கு மேல் என்றால் எல்லோருமே முந்தின இரவு அங்கே தங்குவது நல்லது. தலைவலியோடு யாரும் அழகாகச் சிரிப்பதில்லை. அகலமான படங்களை முதலில் எடு. மிதிபடாத பனி ஒரு தடவைதான் கிடைக்கும். உதவிக்கு வந்த மாமா ஒருத்தர் குறுக்கே நடந்தால் அவ்வளவுதான்.

பனி விழுந்துகொண்டிருந்தால் உனக்கு அதிர்ஷ்டம். கேமராவின் மேலேயே பிளாஷ் வைத்து அடிக்காதே, முன்னால் விழும் துகள்கள் வெள்ளைப் பூசணிக்காய்களாகத் தெரியும். ஜோடிக்குப் பின்னால் பிளாஷை வை, ஒவ்வொரு துகளும் மின்னும். வில்சன் பென்ட்லி என்று ஒரு விவசாயி இருந்தார். 1885இல் நுண்ணோக்கியில் கேமராவைப் பொருத்தி, ஒற்றைப் பனிப்படிகத்தை முதன்முதலாகப் படம் எடுத்தவர். அதற்கப்புறம் 5000க்கும் மேல் எடுத்தார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அப்படிப்பட்டவரே 1931இல் ஒரு பனிப்புயலில் நடந்து வீடு திரும்பி, நிமோனியா வந்து இறந்தார். "எனக்குக் குளிர் பழக்கம்ப்பா" என்று நீ சொல்லும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வருகிறது.

முகட்டின் விளிம்பில் யாரையும் நிறுத்தாதே. காற்று ஒதுக்கிய பனி, பாறையையும் தாண்டித் தாழ்வாரம் மாதிரி நீண்டிருக்கும். அடியில் ஒன்றும் இருக்காது. மேலிருந்து பார்த்தால் அது கெட்டித் தரை போலவே இருக்கும். 30 முதல் 45 டிகிரி சரிவுகளில்தான் பனிச்சரிவு பெரும்பாலும் கிளம்புகிறது, அதன் அடிவாரத்திலும் நிற்க வேண்டாம். அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் கிளம்பாதே. அந்த ஊர்க்காரர் ஒருத்தர் "அங்கே வேண்டாம்" என்றால் ஏன் என்று கேட்காமல் திரும்பிவிடு.

பேட்டரியைச் சட்டைக்குள், உடம்போடு ஒட்டி வைத்துக்கொள். குளிரில் அதற்குள் நடக்கும் வேதிவினை மந்தமாகும், சார்ஜ் தீர்ந்துவிட்டது போலக் காட்டும். தூக்கி எறியாதே, சூடானால் மறுபடி உயிர் வரும். கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் மூச்சு விடாதே, அப்படியே உறைந்துவிடும்.

எல்லாம் முடிந்து உள்ளே போகும்முன், வெளியிலேயே கேமராவைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் காற்றுப் புகாமல் மூடு. இல்லாவிட்டால் அறைச் சூட்டில் இருக்கும் ஈரமெல்லாம் லென்ஸுக்குள் வியர்த்துவிடும். இரண்டு மணி நேரமாவது பையைத் திறக்காதே. கார்டை முன்பே கழற்றிக்கொண்டால் படங்களைப் பார்க்கலாமே என்பாய். பார், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் பண்ணு.

அப்பா