கவுனி அரிசியும் பாக்குத் தட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த 'புற்றுநோயைக் கொல்லும் கவுனி அரிசி' கட்டுரையைக் காரைக்குடியில் எங்கள் வீட்டில் மூன்று பேர் மாற்றி மாற்றி வாசித்தோம். கவுனியின் கருஊதா நிறத்தில்தான் மகிமையே இருக்கிறது என்று அரைப்பக்கம் எழுதிவிட்டு, கீழே பெட்டிக்குள் போட்ட சமையல் குறிப்பில் 'ஊறவைத்த தண்ணீரை வடித்துவிட்டு' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தத் தண்ணீரில்தானே ஐயா நிறமெல்லாம் இறங்கியிருக்கும்! எங்கள் வீட்டில் அரிசியை ரெண்டு தடவை அலசி ராத்திரி ஊறப்போட்டால், காலையில் நாவல்பழம் கரைத்த மாதிரி நிற்கும் அந்தத் தண்ணீரோடேயேதான் வேகவைப்போம். அதில் ஒரு கரண்டியைக் கிண்ணத்தில் எடுத்து நாலு சொட்டு எலுமிச்சம்பழம் பிழிந்து பாருங்கள், ஊதா போய்ப் பளிச்சென்று சிவப்பாகிவிடும். உங்கள் கட்டுரை சொல்லும் ஆந்தோசயனின் என்ற நிறச்சத்து அதுதான். மேல் தவிட்டில்தான் இருக்கிறது, தீட்டிவிட்டால் போச்சு.

சரி, குறிப்பு கிடக்கட்டும், தலைப்புதான் எனக்கு உறுத்தியது. இந்த நிறச்சத்தைப் பிரித்தெடுத்துச் சோதனைக்கூடத்துத் தட்டில் வளரும் புற்றுச் செல்கள் மேல் விட்டால் அவை வளர்வது மட்டுப்படுகிறது, சிலது சாகவும் செய்கிறது, அது பொய்யில்லை. ஆனால் நாம் வாயில் போட்டுச் சாப்பிடுவது வயிறு, குடல், கல்லீரல் என்று மூன்று சுங்கச்சாவடி தாண்டி ரத்தத்துக்கு வந்து சேரும்போது மிஞ்சுவது ரொம்பச் சொற்பம். தட்டில் நடந்தது உடம்பில் நடக்கும் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. அதுவும் எங்கள் கல்யாணப் பந்தியில் இலையில் விழும் கவுனி அரிசி சீனியும் நெய்யும் தேங்காய்ப்பூவும் போட்டுக் கிளறிய இனிப்பு. எனக்கு உயிர், ரெண்டாந்தடவையும் கேட்டு வாங்குவேன், ஆனால் அதை மருந்து என்று சொல்ல வாய் வராது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், என் அத்தைக்குக் கீமோ ஓடிக்கொண்டிருந்த சமயம், தெரிந்தவர் ஒருவர் நல்லெண்ணத்தில் மஞ்சள் மாத்திரை வாங்கிக் கொடுத்தார், மிளகுச் சத்து சேர்த்தது. மஞ்சளின் குர்குமின் தனியாகப் போனால் உடம்பில் ஒட்டாது. 1998இல் பெங்களூரு ஆய்வாளர்கள் 2 கிராம் குர்குமினோடு மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்துப் பார்த்ததில் உடம்பில் ஏறும் அளவு 20 மடங்கு கூடியது. அதனால்தான் கம்பெனிகள் சேர்க்கின்றன. ஆனால் அதே பைப்பரின் மற்ற மருந்துகள் கல்லீரலில் கழிகிற வேகத்தையும் மாற்றக்கூடியது. அத்தை அதை டாக்டரிடம் சொல்லவேயில்லை, 'சமையல் சாமான்தானேடி' என்றார். நான் போய்ச் சொன்னதும் டாக்டர் உடனே நிறுத்தச் சொன்னார். ரசத்தில் போடும் மஞ்சளும் மிளகும் எப்போதும் போல இருக்கட்டும், மாத்திரைக் கணக்கு வேறு என்றார்.

உணவில் நல்லது, மாத்திரையானால் இன்னும் நல்லது என்ற நினைப்பு ஏற்கெனவே ஒரு தடவை அடி வாங்கியிருக்கிறது. கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டின் நுரையீரல் புற்றைத் தடுக்குமா என்று பின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களை வைத்துப் பார்த்தார்கள். 1994இல் முடிவு வந்தது, அந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடுதல்.

கவுனியைப் பாராட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் 2017இல் தொகுத்த அறிக்கைப்படி, தினம் 90 கிராம் முழுத்தானியம் சாப்பிடுவதோடு பெருங்குடல் புற்று வருகிற வாய்ப்பு 17 சதவீதம் குறைவாகக் காணப்படுகிறது. இது தட்டில் வளர்த்த செல்லை வைத்து அல்ல, மனிதர்களை வருடக்கணக்கில் கவனித்துச் சொன்னது. அதற்குக் கறுப்பு நிறம்தான் வேண்டும் என்றில்லை, கைக்குத்தல் அரிசி, கேழ்வரகு, வரகு எல்லாம் கணக்கில் வரும். இதைச் சொல்லியிருந்தால் கிலோவுக்கு அவ்வளவு கொடுத்துக் கவுனி வாங்க முடியாதவர்களுக்கும் பயன்பட்டிருக்கும்.

இன்னொன்று. செடியில் விளைவது எல்லாமே புற்றுக்கு எதிரி என்பது போல அந்தக் கட்டுரை பேசுகிறது. பாக்கும் மரத்தில் காய்ப்பதுதான். புகையிலை சேராமல் வெறும் வெற்றிலை பாக்கு போட்டாலும் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. கவுனி அரிசியைச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தால் வாசலில் தட்டு நிறையச் சீவல் வைத்து நீட்டுகிறோம், என் சித்தப்பா ஒரு பந்திக்கு மூன்று தடவை அள்ளுவார். அந்தப் பாக்கைப் பற்றி ஒரு பக்கம் போடுங்கள். தை பிறந்தால் எங்கள் ஊர்ப் பக்கம் கல்யாணங்கள் வரிசை கட்டும், அதற்கு முன்னால் வந்தால் தேவலை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காரைக்குடி.