வண்டிக்குத் தகுதிச் சான்று (எஃப்.சி.) உண்டு, ஓட்டுகிற கைக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு வயது 58. ஐப்பசி மழையில் வயலுக்குப் போனபோது வரப்பு வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. மார்கழி பாதியில் கட்டைப் பிரித்தார்கள். பிரித்த அன்றே டாக்டரிடம் கேட்டேன், கார் ஓட்டலாமா என்று. "அதை இன்ஷூரன்ஸ்காரங்களைக் கேட்டுக்குங்க" என்றார். இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுக்கு போன் போட்டால், "டாக்டர் சொன்னா ஓட்டுங்க சார்" என்றார். லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகத்தில் விசாரித்தேன், லைசென்ஸ் தேதி இருக்கிறதா, இருந்தால் சரி என்றார்கள். மூன்று இடத்தில் கேட்டும் எனக்குக் கிடைக்க வேண்டிய பதில் கிடைக்கவில்லை. அதனால் நானே முடிவு செய்தேன், அந்த முடிவு தப்பு.

எப்படி முடிவு செய்தேன் என்றால், சோறு பிசைந்து சாப்பிட முடிந்தது, சட்டைக்குப் பட்டன் போட முடிந்தது, பேனா பிடித்துக் கையெழுத்துப் போட முடிந்தது, அப்புறம் என்ன என்று நினைத்தேன். ஈரத்துண்டைப் பிழிய முடியவில்லை, தண்ணீர் பாட்டில் மூடியைத் திருக முடியவில்லை என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. கார் ஓட்டுவதற்குத் தேவைப்படுவது அந்தத் திருகுகிற பலம்தான். நம் ஊர்க் காரில் கியர் இடது கையில் இருக்கிறது. இடது கை கியருக்குப் போகும் நேரத்தில் ஸ்டியரிங் முழுக்க வலது கை ஒன்றை நம்பித்தான் இருக்கிறது. அந்தக் கைதான் எனக்கு முறிந்த கை.

தை மாதம், பொங்கல் முடிந்து, மகளைப் பார்க்கக் கும்பகோணத்துக்குப் புறப்பட்டேன். வலங்கைமான் வருவதற்குள் ஒரு இடத்தில் ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காயப் போட்டிருந்தார்கள், ஓரத்தில் கல் அடுக்கியிருந்தது. எதிரே பஸ். வேகத்தைக் குறைத்து இரண்டாவது கியருக்கு மாற்றினேன், அதே நேரம் முன் சக்கரம் ஒரு குழியில் இறங்க, ஸ்டியரிங் வெட்டியது. மணிக்கட்டில் சுரீர் என்று ஒரு வலி, கை தானாக விட்டுவிட்டது. கார் கல்லை இடித்துக்கொண்டு நெல் மேல் ஏறியது. அங்கே ஒரு அம்மா குனிந்த தலை நிமிராமல் காலால் நெல்லைத் துழாவிக்கொண்டு நடந்து வந்துகொண்டிருந்தார். பிரேக் அடித்து நின்றபோது அவருக்கும் பம்பருக்கும் இடையில் ஒரு முழம் இருந்திருக்கும். அவர் ஓடவில்லை, கத்தவில்லை. கணுக்கால் வரை நெல் மூடியிருக்க அப்படியே நின்று என்னைப் பார்த்தார். ரோட்டில் நெல் காய வைக்கலாமா என்று யாரும் எனக்குப் பதிலாக வாதாட வேண்டாம். களம் இல்லாதவர்கள் வேறு எங்கே போவார்கள்? தப்பு என் மேல்தான்.

பம்பர் உடைந்ததற்கு இன்ஷூரன்ஸ் கேட்கலாம் என்று போனபோது அந்த ஏஜெண்ட் சொன்னதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. "கை விஷயம் எதுக்கு சார், ஓட்டினது உங்க மருமகன்னு எழுதிடலாம்." பல பேர் இப்படித்தான் செய்கிறார்கள் என்றும் சொன்னார். பொய்த் தகவல் கொடுத்தது தெரிந்தால் மொத்தக் கிளெய்மும் போய்விடும், அதற்கு மேல் ஒன்றும் அறியாத மருமகன் தலையில் ஒரு விபத்து எழுதப்படும். வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கைக்காசு போட்டு சரி செய்தேன்.

அன்று ராத்திரி மகளை உட்கார வைத்து பாலிசியை முழுக்கப் படிக்கச் சொன்னேன். எல்லாம் ஆங்கிலம், பொடி எழுத்து. கார் சேதத்துக்கும் எதிராளிக்கும் பணம் கொடுப்பதில், ஓட்டியவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும், லைசென்ஸ் பெறத் தகுதி இழந்தவராக இருக்கக் கூடாது, இதுதான் ஓட்டுநர் பற்றிய முக்கிய நிபந்தனை. அடிபட்ட கை பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் உரிமையாளர் தானே ஓட்டும்போது செத்துப்போனாலோ பெரிய ஊனம் ஆனாலோ கொடுக்கும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதே, அந்தப் பக்கத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறது. உடல் குறைபாடு அல்லது பலவீனத்தால் நேரடியாகவோ மறைமுகமாகவோ, முழுதாகவோ ஒரு பகுதியாகவோ விளைந்த மரணத்துக்கும் காயத்துக்கும் இழப்பீடு கிடையாது. மது, போதை மருந்துக்குச் சொல்லும் அதே விதிவிலக்கில்தான் இதுவும் வருகிறது. அன்றைக்கு கார் இடதுபக்க வாய்க்காலில் கவிழ்ந்து நான் போயிருந்தால், கை பலவீனம்தான் காரணம் என்று கம்பெனி வாதாட இடம் இருக்கிறது. வருஷா வருஷம் அந்தக் காப்பீட்டுக்கும் சேர்த்துத்தானே பணம் கட்டுகிறோம், ஒரு ஏஜெண்டாவது இந்த வரியைத் தமிழில் படித்துச் சொன்னதுண்டா?

சட்டத்திலும் இது இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 186. பொதுமக்களுக்கு ஆபத்து உண்டாக்கக்கூடிய நோயோ ஊனமோ தனக்கு இருப்பது தெரிந்தே ஓட்டினால் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவை 1,000 ரூபாய் வரை, மறுபடியும் என்றால் 2,000 ரூபாய் வரை அபராதம். "தெரிந்தே" என்ற சொல்லைக் கவனியுங்கள். தெரிய வைப்பது யார் வேலை? போன வருஷம் லைசென்ஸ் புதுப்பித்தபோது படிவம் 1இல் கை காலில் தசை பலக் குறைவு உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதினேன், 40 வயது தாண்டியவன் என்பதால் டாக்டர் கையெழுத்தோடு படிவம் 1ஏ கொடுத்தேன். அன்றைக்கு அது உண்மை. இனி அடுத்த புதுப்பிப்பு வரை அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்கப் போவதில்லை. லாரிக்கும் வேனுக்கும் எஃப்.சி. தேதி தப்பினால் ரோட்டில் ஏற்ற முடியாது, ஓட்டுகிறவன் கை முறிந்தால் மட்டும் அவனே பார்த்துக்கொள்ள வேண்டுமாம். இங்கிலாந்தில் இருக்கும் என் தம்பி மகன் சொல்கிறான், அங்கே எலும்பு முறிந்து 3 மாதத்துக்கு மேல் ஓட்ட முடியாத நிலை என்றால் லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டுமாம்.

எதிராளிக்கு அடிபட்டால் என்ன ஆகும் என்றும் வக்கீல் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். அந்த அம்மா மீது மோதியிருந்தால் தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் அவருக்குக் கைகொடுத்திருக்கும் என்றார். லைசென்ஸ் கோளாறு உள்ள வழக்குகளில்கூட, பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூல் செய்துகொள்ளும்படி கம்பெனிகளுக்கு உத்தரவாவது உண்டு, 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியிருக்கிறது என்றார். கொஞ்சம் நிம்மதி. ஆனால் காசு வந்தாலும் அந்த அம்மாவின் உடைந்த காலை யார் திருப்பித் தருவார்கள்?

கால் அடிபட்டவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும். பிரேக், ஆக்ஸிலேட்டர் இரண்டும் வலது காலில். 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் போகிறது, வலிக்குப் பயந்து நொடியில் நாலில் ஒரு பங்கு தாமதமாக மிதித்தாலே 4 மீட்டர் தள்ளித்தான் பிரேக் பிடிக்கத் தொடங்கும். வலிக்குக் கொடுக்கும் டிரமடால், நரம்புக்குக் கொடுக்கும் பிரெகாபலின் இதெல்லாம் தூக்கத்தைக் கொண்டு வரும். எனக்குக் கொடுத்த மாத்திரைக் கவரில் காலை, இரவு, சாப்பிட்ட பின் என்றுதான் எழுதியிருந்தது.

எனக்காவது ஆக்டிங் டிரைவருக்குக் கொடுக்க 800 ரூபாய் இருந்தது. எங்கள் தெருவில் லோடு ஆட்டோ ஓட்டும் பையன் இடது கையில் கட்டோடு கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை ஏற்றிக்கொண்டு போகிறான். கேட்டால், "சீசன்ல உக்காந்தா வண்டித் தவணை யாருண்ணே கட்டுவா" என்கிறான். அவனிடம் ஓட்டாதே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அடிபட்ட ஓட்டுநருக்கு அந்த ஆறு, எட்டு வாரத்துக்குப் பிழைப்புக்கு ஏதாவது வழி செய்யாமல் அவனை ரோட்டிலிருந்து இறக்க முடியாது. அரசு இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

டாக்டர்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். டிஸ்சார்ஜ் சீட்டில் மறுபடி எப்போது வர வேண்டும் என்று எழுதும் இடத்துக்குக் கீழே, வண்டி ஓட்டுவது எப்போது என்று ஒரு வரி, தமிழில். இப்போது எனக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் கேட்காமலே சொன்னார்: நின்ற காரில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துப் பார், பிரேக்கை முழு பலத்தோடு திடீரென்று மிதித்துப் பார், வலித்தால் இன்னும் நாள் ஆகவில்லை என்று அர்த்தம். இதைச் சொல்ல அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

என் பாலிசி பங்குனியில் புதுப்பிக்க வேண்டும். அந்த உடல் பலவீன விதி எலும்பு கூடி வரும் கைக்கும் பொருந்துமா என்று கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் கேட்டிருக்கிறேன். பதில் வந்தால் உங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன், தயவுசெய்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நீடாமங்கலம் வட்டாரத்து வாசகர் ஒருவர்